பின் சீட்டுக் காகிதம்

ஒரு காரில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தக் காரைப் பார்த்தாலே போதும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இந்த உலகத்தில் இருக்கிறார்கள். ஊசியக்காவும் அப்படிப்பட்ட ஓர் அப்பாவிதான். பழமை வாகன மூலத்தன்மை மன்றத்தின் படிகளில் ஏறுகிற வரைக்கும் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது அந்த நினைப்பு போயிருந்தது. பதிலுக்கு, மூன்று பிரதிகளில் நிரப்ப வேண்டிய நாற்பத்திரண்டு பக்க விண்ணப்பம் ஒன்று கைக்கு வந்திருந்தது.

ஊசியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சட்டைக் காலரில் எப்போதும் வளைந்த ஊசி ஒன்றைக் குத்தி வைத்திருப்பாள்; அதனால் வந்த பெயர். பதினெட்டு வருஷம் கார் தொழிற்சாலையில் சீட் தைத்தவள். அங்கே தையல் பிரிவின் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும்: ‘தைப்பவர்கள் சீட்டில் உட்காரக் கூடாது.’ ஊரான் உட்கார ஆயிரக்கணக்கில் மெத்தென்று தைத்துக் கொடுத்தவள், அத்தனை வருஷமும் மர முக்காலியில் உட்கார்ந்து முதுகை ஒடித்துக்கொண்டாள். ஒருநாள் தொழிற்சாலையை மூடினார்கள். அவள் வீட்டு முன்னறையில் சீட் கவர் கடை போட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன் பழைய ஸ்பிரிங் வாங்க இரும்புக்கடைக்குப் போனபோதுதான் அந்தக் காரைப் பார்த்தாள். கண்ணாடி இல்லை, சக்கரம் இல்லை, பெயின்ட் சொறி பிடித்துக் கிடந்தது. சும்மா கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பின் சீட்டின் மூலையில் தையல் முடிகிற இடத்தில் மூன்று தையல் பின்னால் போய்த் திரும்பி வந்திருந்தது. அந்தப் பிரிவில் அப்படி முடிக்கிறவள் அவள் ஒருத்திதான். நூலை வீணடிக்கிறாள் என்று மேற்பார்வையாளர் வாரத்துக்கு ஒருமுறை திட்டுவார். “அட, இது என் கை!” என்று கடைக்காரர் திடுக்கிடும்படி கத்தினாள். இரும்பு எடைக்கு விலை பேசி அன்றைக்கே வாங்கிவிட்டாள்.

அவள் தம்பி மெக்கானிக். “உனக்கென்னக்கா பைத்தியமா? இதை ஓட வைக்கறதுக்கு நான் செத்துச் சுண்ணாம்பாயிடுவேன்” என்றான். சொன்னபடியே மூன்று வருஷம் செத்துச் சுண்ணாம்பானான்; கார் ஓடியது. அந்த இடைவெளியில் ஊசியக்கா ஐம்பத்தாறு வயதில் ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். தான் தைத்த சீட்டில் தானே உட்கார்ந்து, தானே ஓட்டிக்கொண்டு நாலு தெரு போக வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. முப்பது வயதான கார்களையெல்லாம் நசுக்கிவிட வேண்டும். அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று அதில் என்னென்ன பொருத்தியிருந்ததோ அவையெல்லாம், ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் இப்போதும் இருக்கின்றன என்று மன்றம் சான்றிதழ் கொடுத்தால் மட்டும் தப்பும். ஊசியக்காவின் காருக்கு முப்பது முடிய ஒன்பது மாதம்தான் இருந்தது; அதுதான் கெடு.

கவுன்ட்டர்க்காரர் விண்ணப்பத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

“கார்ல ரேடியோ இருக்கா?”

“இருக்குங்க.”

“தொழிற்சாலையிலேயே வச்சதா, பின்னாடி வச்சதா?”

“முன்னாடிதான் இருக்கு சார்.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மன்றத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பிரிவு இருந்தது. தகரம் அசலா என்று பார்க்கக் காந்தப் பிரிவு. உள்ளே அடிக்கிற வாடை தொழிற்சாலை வாடைதானா என்று பார்க்க முகர்வுப் பிரிவு. அதன் அலுவலருக்கு எட்டு மாதமாக ஜலதோஷம். விடுப்பு கேட்டால், மூக்கு அடைத்திருப்பதற்குச் சான்று கேட்கிறார்களாம். கதவுப் பிரிவு அலுவலர் தம்பியின் பட்டறைக்கே வந்து, ஊசியக்காவின் கார்க் கதவைக் கண்ணை மூடிக்கொண்டு பதினோரு தடவை சாத்திப் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்: “இது செவ்வாய்க்கிழமை சாத்துற சத்தம். உங்க வண்டி வெளியே வந்தது வியாழக்கிழமை.” வியாழக்கிழமைச் சத்தம் வருவதற்காகத் தம்பி கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டு, துடைத்து, மறுபடி போட்டு, கடைசியில் எரிச்சலில் ஓர் உதை விட்டான். அந்த உதைக்குப் பிறகு வந்த சத்தம் பாஸ் ஆகிவிட்டது.

காத்திருக்கும் பெஞ்சில் ஒரு பல் டாக்டர் இருந்தார். கார் முப்பதைத் தொடுவதற்குள் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும் என்று ஆறு வருஷமாக வருகிறார். சாப்பாட்டு டப்பா, தலையணை எல்லாம் வைத்திருந்தார்.

“உங்க வண்டிக்கு என்ன சார் குறை?” என்று ஊசியக்கா கேட்டாள்.

“ஹாரன் இருந்ததுக்கு ஆதாரம் இல்லையாம். ஹாரன் இல்லாம ஓட்டினா போலீஸ் பிடிக்குது. ஹாரன் வச்சா இவங்க விடமாட்டேங்கறாங்க.”

“அப்புறம் எப்படி ஓட்டறீங்க?”

“ஜன்னல்ல தலையை நீட்டி நானே கத்திக்கறேன்.”

ஒருவழியாகக் காரை முழுதாகச் சோதிக்கக் காந்தப் பிரிவு அலுவலர் தம்பியின் பட்டறைக்கு வந்தார். காந்தத்தைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்ததால் பட்டறையில் இருந்த ஸ்க்ரூ, ஆணி, வாஷர் எல்லாம் ஓடிவந்து அவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டன. அதையெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டே, பின் சீட்டைக் கழற்றிக் குப்புறப் போடச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தார். “ஆஹா!” என்றார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஸ்பிரிங்குக்கு அடியிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை, பிரசவம் பார்ப்பது போல மெல்ல வெளியே எடுத்தார்.

“உற்பத்தித் தாள்! அம்மா, நீங்க அதிர்ஷ்டசாலி. இந்த வண்டியில என்னென்ன பொருத்தினாங்கன்னு எழுதியிருக்கற தாள். நூத்துக்குப் பத்து வண்டியிலதான் இது கிடைக்கும். இதுதான் எங்களுக்கு வேதம்.”

படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

“இது வீட்டுக்கார் இல்லையே. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காகச் செஞ்ச வண்டி. இடதுபக்கம் வாத்தியாருக்கு ஒரு பிரேக், ஒரு கிளட்ச். கூரை மேல பலகை. எங்கே அதெல்லாம்?”

“இருந்ததே இல்ல சார்.”

“தொலைச்சுட்டீங்கன்னு சொல்லுங்க.”

“ஐயோ, அந்தக் காகிதத்தை அங்கே சொருகினதே நாங்கதான் சார்!” என்றாள் ஊசியக்கா. “ஸ்பிரிங் ஒண்ணோட ஒண்ணு உரசிக் கிரீச்சுன்னு கத்தும். கத்தினா எங்களுக்குத் திட்டு விழும். ஆபீஸ் குப்பைக்கூடையில காகிதம் கிடக்கும், எடுத்து நாலா மடிச்சு அடியில குடுத்துடுவோம். எந்த வண்டிக் காகிதம் எந்த வண்டிக்குள்ள போச்சுன்னு யாரு பார்த்தா? சத்தம் நிக்கணும், அவ்வளவுதான்.”

அலுவலர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஆதாரத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு இப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா குடுங்க.”

அவளும் எழுத்து மூலமாகக் கொடுத்தாள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. தையல் பிரிவுப் பெண்கள் எல்லாரும் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். தொழிற்சாலைப் பதிவேட்டில் அவர்களில் ஒருத்தி பெயர்கூடக் கிடையாது. பதில் இப்படி இருந்தது:

‘தாங்கள் குறிப்பிடும் தையல் பிரிவு எந்தப் பதிவேட்டிலும் காணப்படவில்லை. மன்றத் தலைவர் அவர்கள் இயற்றிய தொழிற்சாலை வரலாற்று நூலின் 212ஆம் பக்கத்தில், இருக்கைகள் அனைத்தும் இயந்திரத்தால் தைக்கப்பட்டன என்று தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. எனவே தாங்கள் இயந்திரம்தான் என்று நிரூபிக்கத் தக்க ஆதாரம் இருப்பின், அதன் நகலை இணைத்து மீண்டும் விண்ணப்பிக்கலாம்.’

ஊசியக்கா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்று தன்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். சந்தேகம் வந்துவிட்டால் யாருக்குத்தான் தாங்கும்?

“போனாப் போகுதுக்கா” என்றான் தம்பி. “ரெண்டு பெடலும் ஒரு பலகையும்தானே? மாட்டி விட்டுடறேன். சான்றிதழ் கைக்கு வந்ததும் கழட்டிக்கலாம்.”

மாட்டினான். மன்றம் திருப்பி அனுப்பியது. பெடல் புதிதாக இருக்கிறதாம். பயிற்சிப் பள்ளிக் காரில் வாத்தியார் வருஷக்கணக்கில் உயிருக்குப் பயந்து மிதித்திருப்பார். அந்தத் தேய்மானம் பெடலின் இடது ஓரத்தில் தெரிய வேண்டும். வலது ஓரத்தில் தேய்ந்திருந்தால் அது பயத்தால் வந்த தேய்மானம் ஆகாது, பழக்கத்தால் வந்தது. விதி அப்படி.

அதற்கப்புறம் அந்தக் குடும்பம் முறை வைத்துக்கொண்டு பெடல் மிதித்தது. காலையில் ஊசியக்கா, மதியம் தம்பி, சாயங்காலம் தம்பி பெண்டாட்டி. அக்காவும் தம்பியும் மிதித்தது பெடலுக்கு உறைக்கவே இல்லை. தம்பி பெண்டாட்டி உட்கார்ந்த நாலாம் நாளே ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. எப்படி என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, உங்க தம்பியை நினைச்சுக்கிட்டேன்” என்றாள்.

தேய்மானத்தை அளந்து பார்க்கக் காந்தப் பிரிவு அலுவலர் மறுபடி வந்தார். வந்தவர் சும்மா போவாரா? முன் சீட்டையும் கவிழ்த்தார். அங்கேயும் ஒரு காகிதம். இந்தத் தடவை அது கையெழுத்து. பென்சிலில் இருந்தது. ‘36 டீ, 4 ச.இ., 2 ஸ்ட்.’ அலுவலர் மறுபடி வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டார். அதை ஓர் உறையில் போட்டு, உறையை ஒரு பெட்டியில் போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று பேர் கொண்ட பொருள்விளக்கக் குழு பத்து வாரம் கூடியது. நடுவில் ஒருவர் கருத்து வேறுபாட்டால் ராஜினாமா செய்து, இன்னொருவர் வந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கடைசியில் அறிக்கை வந்தது: ‘டீ என்பது அடிச்சட்டத்தின் வகை, 36 அதன் எண். ச.இ. என்பது சக்கர இணைப்பு, அவை நான்கு. ஸ்ட். என்பது ஸ்டியரிங், அவை இரண்டு. பயிற்சிப் பள்ளி வாகனம் என்ற முந்தைய முடிவை இது ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்கிறது. விண்ணப்பதாரர் இரண்டாவது ஸ்டியரிங்கை உடனே பொருத்தவும்.’

ஊசியக்கா அறிக்கையோடு இணைத்திருந்த நகலை எடுத்துப் பார்த்தாள். அது அவள் பக்கத்து முக்காலியில் இருந்த சோடாபுட்டியின் கையெழுத்து. கண்ணாடி தடிமனாகப் போட்டிருப்பாள், பாவம். பத்து மணிக்கு எல்லாருக்கும் டீ கேட்டு எழுதிக் கேன்டீனுக்கு அனுப்புகிற வேலை அவளுடையது. முப்பத்தாறு டீ. அதில் நாலு சர்க்கரை இல்லாமல். இரண்டு ஸ்ட்ராங்.

“டீடா இது! வெறும் டீ!” என்று சிரித்தாள். தம்பியும் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவளுக்கு நடுவிலேயே கண் கலங்கிவிட்டது. அந்த இரண்டு ஸ்ட்ராங் டீயில் ஒன்று அவளுடையது. “என் டீயைக் குடிச்சுட்டு எனக்கே ஸ்டியரிங் மாட்டச் சொல்றாங்கடா. இதுக்கு மேல பொறுத்தா நான் மனுஷியே இல்ல. நேரா தலைவரையே பார்க்கறேன்.”

கெடு முடிய ஒன்பது நாள் இருக்கிற தேதியில் நேர்முக விசாரணை வைத்தார்கள். காரை அவளே ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு. தாற்காலிக அனுமதிச் சீட்டும் வந்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, வாத்தியார் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்தான்.

விசாரணை மன்றத்தின் முன்கூடத்தில் நடந்தது. கூடத்தின் நடுவில் சிவப்புக் கயிறு கட்டி, தலைவரின் சொந்தக் கார் நின்றது. முன்னால் கொடி வைக்கக் கம்பி, உள்ளே நின்று கையசைக்கப் பிடி, ஜன்னலுக்கு வெல்வெட் திரை. பக்கத்தில் பலகை: ‘ஊர்வல வாகனம். பின் சீட்டில் கிடைத்த உற்பத்தித் தாளால் மெய்ப்பிக்கப்பட்டது. சான்றிதழ் எண் 1.’ தினமும் காலையில் தலைவர் அந்தப் பிடியைப் பிடித்து நின்று யாருமில்லாத கூடத்தைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத்தான் அறைக்குப் போவாராம். பல் டாக்டர் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் விசாரணையைப் பார்க்க எழுந்து வந்துவிட்டார்கள்.

ஊசியக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்பிரிங், கிரீச், குப்பைக்கூடை, சோடாபுட்டி, டீ. தலைவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நல்ல மனிதர். குரல்கூட உயர்த்தவில்லை.

“அம்மா, நீங்க ஒண்ணைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க” என்றார். “நாங்க காரைப் பாதுகாக்கறோம்னு நினைச்சுட்டீங்க. காரை யார் வேணும்னாலும் பாதுகாக்கலாம். ரெண்டு பக்கெட் தண்ணி, ஒரு துணி போதும். நாங்க பாதுகாக்கறது சான்றிதழை. நானூத்துப் பன்னெண்டு சான்றிதழ் குடுத்திருக்கோம். அத்தனையும் சீட்டுக்கு அடியில கிடைச்ச தாளை வச்சுக் குடுத்தது. இப்ப நீங்க வந்து அது குப்பைன்னு சொன்னா எப்படி?”

“குப்பைதானே சார்? நான்தானே சொருகினேன்?”

“அதுதான் பிரச்சினை. நீங்க உயிரோட இருக்கீங்க.”

ஊசியக்காவுக்குப் புரியவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவனுக்கும் புரியவில்லை.

“உயிரோட இருக்கறவங்க சொல்றது மூல ஆதாரம் ஆகாதும்மா. நேத்து ஒண்ணு சொல்வாங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்வாங்க. காகிதம் அப்படி இல்ல, முப்பது வருஷமா ஒரே பேச்சு. செத்தவங்களும் ஓரளவுக்கு நம்பிக்கையானவங்க. நீங்க இல்லாமப் போய், உங்க வாக்குமூலம் மட்டும் ஒரு சீட்டுக்கு அடியில கிடைச்சிருந்தா நாங்க தலைமேல வச்சுக் கொண்டாடியிருப்போம். உங்க மேல எங்களுக்கு விரோதம் எதுவும் இல்ல. நீங்க இருக்கறதுதான் சிக்கலாயிருக்கு.”

 ஊசியக்காவுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. பதினெட்டு வருஷம் முதுகு ஒடியத் தைத்ததுக்கு இயந்திரம் என்றார்கள், சரி. இப்போது உயிரோடு இருப்பதே குற்றமாம்.

அவள் நேரே நடந்தாள். சிவப்புக் கயிற்றைத் தாண்டினாள். தலைவர் காரின் பின்கதவைத் திறந்து, சீட்டின் மூலையைத் தடவிப் பார்த்தாள். மூன்று தையல் பின்னால் போய்த் திரும்பி வந்திருந்தது. காலரிலிருந்து ஊசியை எடுத்துத் தையலின் முடிச்சில் விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். தைத்தவளுக்குத்தானே தெரியும் எங்கே பிரியும் என்று. ஒரு விரல் நுழையாத இடத்தில் கை முழுக்கப் போயிற்று.

“அம்மா! அது சான்றிதழ் எண் ஒண்ணு!” என்று கத்தினார் கவுன்ட்டர்க்காரர்.

“எண் ஒண்ணுதான். உள்ளே எத்தனை இருக்குன்னு பாருங்க.”

முதலில் வந்தது ஆம்புலன்ஸ் உற்பத்தித் தாள்: ஸ்ட்ரெச்சர் ஒன்று, சைரன் ஒன்று. அடுத்தது டாக்ஸி: மீட்டர், மஞ்சள் கூரை. அப்புறம் தபால் வண்டித் தாள் ஒன்று. கடைசியாக யாரோ ஒருத்தி தலைவலி என்று எழுதிய விடுப்புக் கடிதம். ஊசியக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் கார் மேல் வரிசையாக வைத்தாள். பல் டாக்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். விடுப்புக் கடிதத்துக்கு வந்ததும், “அப்ப இந்த வண்டிக்குத் தலைவலியும் அசல்லேயே உண்டு” என்றார். பெஞ்சுக்காரர்கள் கைதட்டிவிட்டார்கள்.

தலைவர் எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தாலும் குரல் மாறவில்லை. “இப்ப நடந்தது எதுவும் நடந்ததாப் பதிவு செய்யப்படலை” என்றார் எழுத்தரிடம். பிறகு ஊசியக்காவை ஓரமாக அழைத்து, அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். அதில் ஒரே வரி: ‘நான் மேற்படி தொழிற்சாலையில் எக்காலத்திலும் வேலை செய்ததில்லை.’

“இதுல கையெழுத்துப் போடுங்க. உங்க வண்டிக்கு வீட்டுக்கார்னே இப்பவே சான்றிதழ் தரேன். பெடல் வேண்டாம். பலகை வேண்டாம். ரெண்டாவது ஸ்டியரிங் கேட்டவங்களை நான் பார்த்துக்கறேன்.”

தம்பி காதோடு காதாகச் சொன்னான்: “போட்டுடுக்கா. வெறும் காகிதம்தானே? வண்டி பிழைச்சுடும்.”

ஊசியக்கா வாசல் வழியாகத் தன் காரைப் பார்த்தாள். வெயிலில் பளபளவென்று நின்றது. மூன்று வருஷ உழைப்பு. ஒரு கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். போடாவிட்டால் ஒன்பதாம் நாள் அது ஒரு சதுர இரும்பு. அழுகை வரும் போலிருந்தது. வலது ஆள்காட்டி விரல் நுனியைக் கட்டை விரலால் தேய்த்தாள். வருஷக்கணக்கில் ஊசி குத்திக் குத்தி அந்த இடத்தில் உணர்ச்சியே கிடையாது.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க சார்” என்றாள். “அந்தப் பூசணிக்காயே நான்தான். நான் எப்படி சார் போய் ஒளிஞ்சுக்கறது?”

தாளை வாங்கினாள். நாலாக மடித்தாள். நேரே போய்த் தலைவர் காரின் பின் சீட்டுக்குள் கையை விட்டு, ஸ்பிரிங்குக்கு அடியில் இறுக்கமாகச் சொருகினாள். பையிலிருந்து நூலை எடுத்து ஊசியில் கோத்து, பிரித்த இடத்தைத் தைத்து, மூன்று தையல் பின்னால் போய்த் திரும்பி வந்து முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“உட்கார்ந்து பாருங்க சார். இனிமே கிரீச்சுன்னு சத்தம் வராது.”

ஒன்பதாம் நாள் காலையில் நசுக்குகிற லாரி அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. லாரிக்காரர் கையில் உத்தரவு இருந்தது. ஊசியக்கா காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்; இறங்குகிற உத்தேசமே இல்லை. தம்பி ஸ்பேனரோடு முன்னால் நின்றான். தம்பி பெண்டாட்டி வாத்தியார் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

லாரிக்காரர் உத்தரவைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். ‘மூலத்தன்மை இல்லை எனக் கண்டதற்கான காரணம்’ என்ற இடம் காலியாக இருந்தது. பின்னே, என்னவென்று எழுதுவார்கள்? சீட்டுக் காகிதம் ஆதாரம்தான் என்று எழுதினால் தலைவர் காரில் ஸ்ட்ரெச்சரும் மீட்டரும் மாட்ட வேண்டும். ஆதாரம் இல்லை என்று எழுதினால் அந்தக் கொடிக்கம்பியும் கையசைக்கிற பிடியும் போய்விடும். கூடவே நானூற்றுப் பதினொரு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். தலைவர் யோசித்து யோசித்துக் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்.

“காரணம் இல்லாம என்னால தூக்க முடியாதும்மா” என்றார் லாரிக்காரர். “போன வருஷம் இப்படித்தான் ஒரு அதிகாரியோட சொந்த வண்டியை நசுக்கிட்டேன். வேலை போகப் பார்த்துச்சு. காரணத்தை எழுதி, நீங்க ஒப்புக்கிட்டதா கையெழுத்து வாங்கி, அவங்க எதிர்க்கையெழுத்துப் போட்டாதான் தூக்கணும். ஏன் நசுக்கச் சொல்றாங்க?”

“நான் உயிரோட இருக்கேனாம். அதான்.”

லாரிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்தது. விதியை மதிக்கிற மனிதர் அவர். பேனாவை உதறி, காலியிடத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘உரிமையாளர் உயிருடன் இருப்பதால்.’ ஊசியக்கா கீழே கையெழுத்துப் போட்டாள். எதிர்க்கையெழுத்து வாங்கிவருகிறேன் என்று லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

போனது போனதுதான். அந்தக் கோப்பு இன்றைக்கும் மன்றத்தில் மேஜை மேஜையாக ஊர்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் காரணம் சரி என்று கையெழுத்துப் போட்டால், அவள் இருக்கிறாள் என்று மன்றமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்புறம் 212ஆம் பக்கத்தை என்ன செய்வது? தவறு என்று எழுதினால், அவள் உயிரோடு இல்லை என்று காட்ட வேண்டும். அதற்கு அவள் ஒத்துழைக்கவில்லை. கோப்பு முடிகிற வரைக்கும் காரை நசுக்கவும் கூடாது, ஓட்டுவதைத் தடுக்கவும் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது.

ஊசியக்கா பெடல்களையும் பலகையையும் கழற்றிப் போட்டுவிட்டாள். தினமும் காலை பத்து மணிக்கு, தலைவர் கூடத்தில் நின்று கையசைக்கிற நேரம் பார்த்து, மன்றத்து வாசல் வழியாகத் தன் காரை ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்த இடத்தில் தேவையே இல்லாமல் ஹாரன் அடிக்கிறாள். பெஞ்சில் இருக்கிற பல் டாக்டர் உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு கத்து கத்துகிறார்.

ஒருநாள் கவுன்ட்டர்க்காரர் நோட்டும் கையுமாக ஓடிவந்து காரை நிறுத்தினார். வெயிலில் மூச்சு வாங்கியது.

“அம்மா, ஒரு சின்ன விவரம். கோப்பு நிலுவையில இருக்கறதால, நீங்க இன்னும் உயிரோட இருக்கீங்களான்னு மாசாமாசம் பார்த்து எழுதச் சொல்லியிருக்காங்க.”

ஊசியக்கா சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கியரைப் போட்டாள்.

“இருக்கேன்னு எழுதிக்குங்க சார். அடுத்த மாசத்துக்கும் சேர்த்தே எழுதிக்குங்க.”